வீட்டில் இரண்டு ஆண்கள்

மார்ச் 4, செவ்வாய்

கவிதை திரும்பி வந்துவிட்டது. இது பதினோராவது.

இந்த முறை நானே ஆசிரியருக்குத் தொலைபேசினேன். ஆறு வருடமாக ஒரே பத்திரிகைக்கு அனுப்புகிறவனுக்கு ஒரு விளக்கம் கேட்க உரிமை இல்லையா? அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "உங்க கவிதை எல்லாம் நெஞ்சை நிமித்திக்கிட்டே நிக்குது சார். ஒண்ணாவது கொஞ்சம் உக்காரக் கூடாதா?"

நான் அப்போது எக்ஸ்ரே அறைக்கு வெளியே, ஈய அங்கியோடு நின்றிருந்தேன். உள்ளே ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். உள்ளே போய் வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னேன் — "மூச்சை இழுங்க. அப்படியே நிறுத்துங்க." பாவம், பயந்து இருமிவிட்டார். இரண்டு தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

உட்கார வேண்டுமாம்.

மார்ச் 9, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி திடீரென்று சொன்னாள். யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை. மடித்த துண்டைப் பார்த்துக்கொண்டு.

"சில நேரம் உள்ள ஒரு ரூம் காலியா கெடக்கற மாதிரி இருக்குங்க. யாரும் குடிவரப் போறதில்ல. ஆனாலும் மனசு தெனமும் போய்ப் பெருக்கிட்டு வருது."

கர்ப்பப்பையை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்பும் எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆகவே புதிதாக என்ன காலி என்று எனக்குப் புரியவில்லை. நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "காபி இருக்கா?" என்றேன். எழுந்து போனாள்.

சொன்னதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். நல்ல வரி. சொன்னவளுக்கு அது வரி என்றே தெரியாது.

மார்ச் 16, ஞாயிறு

நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. என் கவிதை ஒன்றுக்கு இரண்டு வாரம் ஆகும்.

*அந்த அறையை
இடித்தாகிவிட்டது என்றார்கள்.
ஆனாலும் தினமும்
விளக்குமாறோடு போகிறேன்.
வாசல் இருந்த இடத்தில் நின்று
கொஞ்ச நேரம்
காற்றைப் பெருக்கிவிட்டு வருகிறேன்.*

என் பெயரில் அனுப்பினால் சிரிப்பார்கள். அதனால் "தூறல்" என்று ஒரு பெயர் வைத்தேன். அந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கும் தொடங்கினேன். கீழே ஒரு குறிப்பு: "இல்லத்தரசி. எழுதியதில் வெளியே அனுப்பும் முதல் கவிதை இது."

உட்கார்ந்தாயிற்று ஐயா. போதுமா?

மார்ச் 19, புதன்

மூன்றே நாள். "அம்மா, உங்கள் கவிதையைப் படித்துவிட்டு எழுந்து நின்றேன்" என்று எழுதியிருக்கிறார் ஆசிரியர்.

என்னை உட்காரச் சொன்னவர் அவளுக்கு எழுந்து நிற்கிறார்.

மே 6, செவ்வாய்

இதழ் வந்துவிட்டது. கவிதைக்குக் கீழே மின்னஞ்சல் முகவரியும் போட்டிருக்கிறார்கள். மாலைக்குள் பன்னிரண்டு கடிதங்கள். ஒன்பது பெண்கள், மூன்று ஆண்கள். ஆண்கள் மூவரும் புகைப்படம் கேட்டிருக்கிறார்கள்.

மே 8, வியாழன்

இன்று வந்த கடிதத்தை எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு முறை படித்தேன்.

என் மனைவி எழுதியிருக்கிறாள்.

அவளுடைய அலுவலகத்தில் யாரோ அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு. காலையிலிருந்து மாலை வரை குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. எட்டுப் பெண்கள், எட்டுத் தொலைபேசிகள். அங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்:

"அக்கா, உங்களை அக்கான்னு கூப்பிடலாமா? இதே வார்த்தையை நானும் ஒரு நாள் சொன்னேன். பெருக்கிட்டு வரேன்னு. சத்தியமா. உலகத்துல இன்னொருத்திக்கும் அப்படியே தோணியிருக்குன்னு படிச்சதும் பாத்ரூம்ல போய் அழுதேன். நான் சொன்னப்ப வீட்டுக்காரர் பேப்பர் படிச்சிட்டிருந்தார். அவர் காதுல விழல. விழுந்திருந்தா ஏதாவது சொல்லியிருப்பார்."

வீட்டுக்கு வந்தபோது அவள் கண் வீங்கியிருந்தது. "என்ன?" என்று கேட்டேன். "தூசி" என்றாள்.

மே 11, ஞாயிறு

பதில் போட்டுவிட்டேன். "தாராளமாக அக்கா என்று கூப்பிடு. என்னிடம் எதுவும் சொல்லலாம்."

கூடத்தில் அவள், படுக்கையறையில் நான். அவள் தொலைபேசி 'டிங்' என்றது சுவர் வழியாகக் கேட்டது. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை வருடம் இருக்கும்?

மே 23, வெள்ளி

தினமும் எழுதுகிறாள். என்னைப் பற்றித்தான்.

"அவர் கெட்டவர் இல்லக்கா. கை நீட்டினதில்ல. குடிக்க மாட்டார். வாசல்ல செருப்பு இருந்தா ஆள் உள்ள இருக்கார்னு தெரிஞ்சுக்கலாம். அவ்வளவுதான்."

இன்றைய கடிதம்: "ஆப்பரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அன்னிக்கு அவர் தம்பிகிட்ட போன்ல பேசினது கேட்டுச்சு. 'இனிமே வீட்ல ரெண்டு ஆம்பளைங்கடா'ன்னு சொல்லிச் சிரிச்சார். நான் தையல் வலியோட சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நான் தூங்கறேன்னு நெனச்சிருப்பார். அதுக்கப்புறம் பொட்டு வெச்சுக்கறப்ப எல்லாம் வேஷம் போடற மாதிரி இருக்கு."

சொன்னேனா? சொன்னேன். தம்பியும் சிரித்தான். நகைச்சுவைதானே. ஆண்கள் பேசிக்கொள்வதுதானே. அதைப் போய் இரண்டு வருடமாகப் பொத்தி வைத்திருக்கிறாள்! கேட்டிருக்கலாமே — ஏங்க அப்படிச் சொன்னீங்கன்னு வந்து கேட்டிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

மே 24, சனி

கோபம் இறங்கியபின் யோசித்தேன். நல்ல தலைப்பு அது.

ஜூன் 30, திங்கள்

தூறலின் இரண்டாவது கவிதை வந்துவிட்டது. "வீட்டில் இரண்டு ஆண்கள்."

*மருத்துவமனையிலிருந்து வந்த அன்று
தொலைபேசியில் சிரித்தார்:
இனி வீட்டில் இரண்டு ஆண்கள்.
சரி.
அப்படியானால்
இன்று எந்த ஆண் சமைப்பது?*

ஆசிரியர் அட்டையிலேயே போட்டிருக்கிறார். நூற்றுக்கும் மேல் கடிதங்கள். நான் காத்திருந்தது ஒன்றுக்காக. மதியம் வந்தது.

"படிச்சேன் அக்கா. முதல்ல பக்கத்தைக் கவிழ்த்து வெச்சுட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீங்க. அப்புறம் எங்க செக்ஷன்ல எட்டுப் பேரும் சேர்ந்து படிச்சோம், சிரிச்சோம் பாருங்க, போன் அடிக்க அடிக்க ஒருத்தியும் எடுக்கல. பரவாயில்லக்கா. அந்த வார்த்தை இனிமே அவரோடது இல்ல."

இரவுச் சாப்பாட்டின்போது என்னைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். உப்பு அதிகம் என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

இந்த நாளை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

ஒரு பேராசிரியர் எட்டுப் பக்கம் கட்டுரை எழுதியிருக்கிறார். "ஆண்மையும் பெண்மையும்: தூறலின் கவிதையை முன்வைத்து." உடலை உள்ளிருந்து அறிந்த ஒருத்தியால் மட்டுமே இப்படி எழுத முடியும், எந்த ஆணும் ஆயிரம் வருடம் தவம் கிடந்தாலும் முடியாது என்கிறார். (தினமும் நாற்பது உடல்களின் உள்ளே பார்க்கிறேன் ஐயா. இடுப்பெலும்பைக் காட்டினால் ஆணா பெண்ணா என்று அரை நொடியில் சொல்வேன். கவிதையில் நீர் எந்த எலும்பைப் பார்த்தீர்?)

அதோடு விட்டாரா? எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் மருத்துவமனை ஆண்டு மலரில் நான்கு வருடத்துக்கு முன் நான் எழுதியது எப்படியோ அவர் கையில் சிக்கியிருக்கிறது. "என் தோள் ஒரு மலை, மோதிப் பார் புயலே." பெயர், மருத்துவமனை எல்லாம் போட்டு எழுதுகிறார்: "இவர் கண்ணாடி முன் நின்று புஜத்தை முறுக்குகிறார். ஆண்மை என்பது இங்கே சட்டைக்குள் வைத்த பஞ்சு."

அவள்தான் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். "என்னங்க, இத கேளுங்களேன், யாரோ ஒரு மலைத்தோள் ஆளு..." படித்துக்கொண்டே போனவள் பெயர் வந்ததும் நின்றாள். என் தோளைப் பார்த்தாள். நான் பனியனில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர. "மன்னிச்சிடுங்க... ஐயோ... பஞ்சாம்ங்க..."

"அந்தத் தூறல் பெரிய இவளா? எவனோ வேலைவெட்டி இல்லாதவன் பொண்டாட்டி. கொழுப்பெடுத்து எழுதறா" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "அவங்களப் பத்திப் பேசாதீங்க" என்றாள். மெதுவாகத்தான். ஆனால் பதினாறு வருடத்தில் அவள் எனக்குப் போட்ட முதல் கட்டளை அது.

எனக்காக என்னிடமே சண்டைக்கு வருகிறாள். இல்லை — எனக்காக இல்லை. அவளுக்காக.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பொறாமையா? யார் மேல்? கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒரு பரிசோதனை செய்து பார்த்தேன். தூறல் கேட்டாள்: "அவர் இல்லாமல் உன்னால் இருக்க முடியுமா?"

முடியாது என்றுதான் எழுதுவாள். எவ்வளவு குறை சொன்னாலும் கடைசியில் அப்படித்தான் முடிப்பாள். அதைப் படித்துவிட்டு இந்தக் கணக்கை மூடிவிடலாம். தூறலுக்கு ஒரு நோய் கொடுத்துச் சாகடித்துவிடலாம். வீடு பழையபடி ஆகிவிடும்.

ஆகஸ்ட் 13, புதன்

"இத இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்லக்கா. ஒரு நாள் டைம் குடுங்க."

ஒரு நாள் எதற்கு?

ஆகஸ்ட் 14, வியாழன்

"முடியும்."

ஒற்றை வார்த்தை. காலை பத்தேகாலுக்கு அனுப்பியிருக்கிறாள். எட்டு மணிக்குத்தான் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது அவள் தலை என் நெஞ்சில் பட்டது. அப்பவே மனசுல இது இருந்திருக்கு. நெஞ்சுல தலைய வெச்சுக்கிட்டே!

ஆகஸ்ட் 15, வெள்ளி

அனுப்பிவிட்டேன். அப்படியே இங்கே எழுதுகிறேன், பிறகு மறுக்க முடியாதபடி.

"முடியும் என்று சொல்ல உனக்கு என்ன இருக்கிறது? கர்ப்பப்பை இல்லாதவளை எவன் வைத்துக்கொள்வான்? நீ பெண் என்பதற்கு மிச்சம் இருக்கும் ஒரே அத்தாட்சி கழுத்தில் கிடப்பதுதான். அதையும் கழற்றினால் நீ யார்? கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இரு. இனி எனக்கு எழுதாதே."

அனுப்பும்போது கை நடுங்கவில்லை. அதுதான் ஆச்சரியம்.

ஆகஸ்ட் 16, சனி

அவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்று அலுவலகத்துக்குச் சொன்னாள். தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வேலைக்குப் போகிறாள், வருகிறாள். கண்ணாடியில் ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கிறாள். "ஏன்?" என்றேன். "தூசி படியுது" என்றாள்.

எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. தூக்கமும் வருகிறது. நிம்மதி என்றுகூடச் சொல்லலாம். பழைய வீடு திரும்பி வந்துவிட்ட மாதிரி. இப்படி எழுதுகிற ஆள் யார் என்று மேலே ஒரு தரம் படித்துப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையதுதான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பதினோரு நாள் கழித்து எழுதியிருக்கிறாள். தூறலுக்கு.

"அக்கா, அந்தக் கடிதத்தைப் படிச்சுட்டு மூணு நாள் செத்துப்போனேன். அப்புறம் திரும்பத் திரும்பப் படிச்சேன். இது நீங்க எழுதினது இல்ல. நீங்க இப்படி எழுத மாட்டீங்க. 'எவன் வைத்துக்கொள்வான்'னு ஒரு பொம்பளை எழுத மாட்டா, திட்டணும்னாலும் வேற மாதிரி திட்டுவா. இது ஒரு ஆம்பளை. உங்க வீட்டுக்காரர் உங்க போனை எடுத்துட்டார், இல்லையா? எல்லாத்தையும் படிச்சிட்டாரா? அடிக்கிறாராக்கா? எனக்கு உங்க கதையை நீங்க சொல்லவே இல்லையே. நான்தான் என் கதையையே சொல்லிட்டிருந்தேன், பாவி. பயப்படாதீங்க. நான் இருக்கேன்."

பேராசிரியருக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பதில் போடவில்லை. என்ன போடுவது?

செப்டம்பர் 9, செவ்வாய்

தூறலுக்கு மறுபடியும்: "ஊர் மாத்தல் கேட்டிருந்தேன், கிடைச்சிடுச்சு. ரெண்டு ரூம் வீடு ஒண்ணு பார்த்து முன்பணம் குடுத்துட்டேன். ஒரு ரூம் உங்களுக்கு. நீங்க எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன். அவர் வாசல்ல நின்னாலும் தள்ளிட்டு வருவேன்."

என்னிடமிருந்து என்னைக் காப்பாற்ற வருகிறாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுத முயற்சி செய்கிறேன்.

காலை பத்து மணிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "நான் போறேங்க. சண்டை எதுவும் வேண்டாம். என் சிநேகிதி ஒருத்தங்க கஷ்டத்துல இருக்காங்க. ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கப் போறோம்."

சிரித்தேன். சிரிக்கத்தான் வந்தது. "அப்படி ஒருத்தி இல்லடி. நான்தான் அது."

புரியவில்லை அவளுக்கு. என் தொலைபேசியைத் திறந்து நீட்டினேன். தூறலின் பெயர், அவளுடைய கடிதங்கள், என் பதில்கள். விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்தக் கடிதம்... எவன் வைத்துக்கொள்வான்னு... இது நீங்களா?"

"ஆமா."

"நம்பறேன்."

அதை அவள் அவ்வளவு சீக்கிரம் நம்பியிருக்க வேண்டாம்.

"கவிதை?" என்றாள்.

"அதுவும் நான்தான்."

"இல்ல." தலையை ஆட்டினாள். "அத மட்டும் சொல்லாதீங்க. எந்தப் பொம்பளைகிட்ட இருந்து எடுத்தீங்க? அவங்களை என்ன பண்ணீங்க?"

கொலைகாரனிடம் கேட்பது மாதிரி கேட்டாள். எனக்கு வெறி வந்துவிட்டது. ஆறு வருஷமா எழுதறேன், ஒரு நாய் மதிக்கல, கடைசியா ஒண்ணு உருப்படியா வந்தா அதுவும் என்னுது இல்லையா? இந்த நோட்டை எடுத்துவந்து மார்ச் 9-ஐப் பிரித்து அவள் மடியில் போட்டேன். பாரு. படி. யாருடையது என்று பார்.

படித்தாள். துணி மடித்தது, அவள் சொன்னது, நான் காபி கேட்டது.

கத்துவாள் என்று நினைத்தேன். கதவோரமாக நகர்ந்து நின்றேன்.

நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்கு" என்றாள்.

"கேட்டுச்சு."

"ஒரு வார்த்தை விடாம."

"ஆமா."

"கேக்கலன்னுதாங்க இத்தனை வருஷம் உங்கள மன்னிச்சிட்டிருந்தேன். ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் காதுல ஏறாது, அவர் மேல தப்பில்லன்னு. எனக்கு நானே சொல்லிச் சொல்லி..." நோட்டை மூடினாள். "எல்லாம் கேட்டிருக்கு. கேட்டுட்டுத்தான் காபி கேட்டிருக்கீங்க."

 

பிறகு நோட்டைத் திறந்து முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். முடித்ததும் கையில் கொடுத்தாள். அழவில்லை.

பெட்டி ஏற்கெனவே கட்டியிருந்தது. துணி, மாத்திரை, அலுவலகக் காகிதங்கள். பாத்திரம் ஒன்றுகூட எடுக்கவில்லை. நகை எதுவும் கேட்கவில்லை. வாசலில் நின்று கேட்டது ஒன்றே ஒன்று.

"தூறல் கணக்கோட பாஸ்வேர்டு."

"அது எதுக்கு உனக்கு?"

"அவங்களுக்கு ஒரு ரூம் போட்டிருக்கேன்."

சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவள் தன் தொலைபேசியில் அடித்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அங்கேயே பாஸ்வேர்டை மாற்றினாள். எனக்கு முன்னாலேயே. திரையை மறைத்துக்கொண்டு.

செப்டம்பர் 15, திங்கள்

வேலைக்குப் போனேன். முப்பத்தெட்டுப் படம்.

அக்டோபர் 3, வெள்ளி

தம்பி தொலைபேசினான். அண்ணி போனது தெரியும் போலிருக்கிறது. எப்படிப் பேசுவதென்று தெரியாமல், "இப்ப வீட்ல ஒரே ஆம்பளைதான் போல" என்று சிரிக்கப் பார்த்தான்.

தொடர்பைத் துண்டித்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

என் பெயரில் ஒரு கவிதை எழுதிப் பார்த்தேன். நடந்ததைப் பற்றி. உண்மையாக. உட்கார்ந்துதான் எழுதினேன். ஆசிரியருக்கு அனுப்பினேன்.

அக்டோபர் 24, வெள்ளி

பதில்: "தூறலைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இப்போது பலரும் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் அனுதாபம் கேட்கிற ஆணின் குரல் மறையவில்லை. மன்னிக்கவும்."

பன்னிரண்டு.

நவம்பர் 11, செவ்வாய்

பேருந்து நிறுத்தத்துக் கடையில் புது இதழ் தொங்கியது. அட்டையில் தூறலின் பெயர். மூன்றாவது கவிதை.

காசு கொடுத்து வாங்கி, அங்கேயே நின்று பிரித்தேன்.  எல்லாவற்றையும் எழுதியிருப்பாள். காபி, நோட்டு, பஞ்சு, பாஸ்வேர்டு. இந்நேரம் அவளுடைய பழைய செக்ஷனில் ஏழு பேரும் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். பேராசிரியர் அடுத்த எட்டுப் பக்கத்துக்குப் பேனாவைத் திறந்திருப்பார்.

பதினான்கு வரி. புது வீட்டின் ஜன்னல் ஒன்று திறக்க மாட்டேன் என்கிறது. இரண்டு நாள் எண்ணெய் விட்டு, மூன்றாம் நாள் தோளால் ஒரு தள்ளு. திறந்துகொள்கிறது. வெளியே யாரோ சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். அவ்வளவுதான்.

ஒரு பேருந்தை விட்டுவிட்டு மறுபடி படித்தேன். இன்னொரு பேருந்தை விட்டுவிட்டு மூன்றாவது முறை, ஒவ்வொரு சொல்லாக, விரல் வைத்து.

என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.